ஒன்றும் இல்லாத கணக்கு

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பெண் நனைந்துகொண்டு நின்றாள்.

சிவரூபி முதலில் கண்டது அவளைத்தான். அவனைக் கண்டது அதற்குப் பிறகு.

ஐப்பசி மழை. ஊர்காவற்றுறையில் மழை பிடித்துவிட்டால் கடல் எங்கே முடிகிறது, றோட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கரண்ட் போய்விட்டது. பின்பக்கத்தில் ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது. அந்தச் சின்ன பாங்குக் கிளையில் வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. இந்த மழைக்குள் யார் வரப்போகிறார்கள்...

அப்போதுதான் அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். சட்டை தோளோடு ஒட்டிக் கிடந்தது. முகத்தைத் துடைக்க வேண்டும் என்ற நினைப்புக்கூட இல்லை. நேரே வந்து சிவரூபியின் மேசைக்கு முன்னால் கிடந்த கதிரையில் இருந்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்கள்...

தீவுப்பகுதியில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. சொந்தக்காரர் கனடாவில் இருப்பார், சுவிஸில் இருப்பார். யன்னல் மட்டும் றோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படி இருந்தன அவன் கண்கள்.



"எனக்கு ஒரு கணக்குத் திறக்க வேணும்."

"திறக்கலாம். என்ன மாதிரிக் கணக்கு?"

"ஒண்டும் இல்லாத கணக்கு."

சிவரூபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காசும் இல்லாமலோ?"

"காசு மாதத்தில ஒருக்கா வரும். மற்றது ஒண்டும் வேண்டாம். செக் புத்தகம் வேண்டாம். கிரடிட் காட் வேண்டாம். இருக்கிறதுக்கு மேல எடுக்கிற வசதி வேண்டாம். பரிசுக் குலுக்கல் வேண்டாம். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்ப வேண்டாம்."

"வாழ்த்தை என்னால நிப்பாட்ட ஏலாது. அது கொழும்பில இருந்து மெசின் அனுப்பிறது."

"மெசின் எண்டாப் பரவாயில்லை."

முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. பகிடி விட்டானா, உண்மையாகத்தான் சொன்னானா... தெரியவில்லை. இந்தக் கதிரையில் வந்து இருப்பவர்கள் எல்லாரும் வேறு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள். ஒன்றும் வேண்டாம் என்று கேட்டவன் இவன் ஒருவன்தான்.

பெயர் கீர்த்திகன் என்றான். வீடு கரம்பொன். காரைநகர்ப் பிரதேச செயலகத்தில் வேலை. பட்டதாரி நியமனம். தகவல்களை ஒவ்வொன்றாக, கல்லை எடுத்து வைப்பது போல வைத்தான். வீட்டில் வந்த ஒரு பெரிய வருத்தத்துக்கு வைத்தியம் பார்க்க யாழ்ப்பாணத்தில் இன்னொரு பாங்கில் கடன் எடுத்தவன். அது போதாமல் கிரடிட் காட்டிலும் எடுத்தான். பிறகு கணக்கின் இருப்பையும் மீறி எடுத்தான். கட்ட முடியாமல் போய், இப்போது எல்லாவற்றையும் ஒன்றாக்கி மாதாமாதம் இவ்வளவு என்று ஒழுங்கு செய்து தந்திருக்கிறார்கள்.

"ஒழுங்கு நல்ல ஒழுங்குதான். ஆனா சம்பளமும் அங்கதான் விழுகுது. தவணை போகும், பேந்து வட்டி எண்டு போகும், கட்டணம் எண்டு போகும். அவையளில பிழை இல்லை, நான் ஒப்பம் வைச்சதுதான். போன மாதம் எனக்கு மிஞ்சினது பஸ் காசு."

யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னான்.

சிவரூபி கதிரையை முன்னுக்கு இழுத்தாள். கடன் கதை சொல்பவர்கள் முன்னால் அவளுக்கு எப்போதும் ஒரு வேகம் வரும். "இஞ்ச பாருங்கோ. எங்களிட்ட மூண்டு மாதிரி இருக்கு. முதலாவது சம்பளக் கணக்கு. அதில முற்பணம் எடுக்கலாம், காட் கிடைக்கும். மனேஜர் கேட்டா அதைத்தான் எடுக்கச் சொல்லுவார். நீங்கள் எடுக்க வேண்டாம். ரெண்டாவது கூடின வட்டிக் கணக்கு. அதில பெரிய தொகை கிடக்க வேணும். மூண்டாவது சாதாரண சேமிப்புக் கணக்கு. ஒரு புத்தகம், காசு எடுக்க ஒரு காட். கணக்கில இல்லாட்டி மெசின் தராது. அவ்வளவுதான்."

"அதுதான்."

"சம்பளம் விழுந்த அடுத்த நாள் உங்கட தவணையை இஞ்ச இருந்தே அங்க அனுப்ப ஒழுங்கு செய்யலாம். தவணை மட்டும்தான் போகும். மிச்சம் உங்கட கையில. ஆனா அவையளுக்கும் ஒரு கடிதம் குடுத்திடுங்கோ. ஒளிச்சு மாறினதெண்டு நினைக்கக் கூடாது."

முதன்முறையாக அவன் அவளை உண்மையாகவே பார்த்தான். "நீர் பாங்குக்கு வேலை செய்யிறீரோ, எனக்கு வேலை செய்யிறீரோ?"

"மழை விடுமட்டும் உங்களுக்கு."

சொன்ன பிறகுதான் அவளுக்குக் காது சுட்டது. அவசரமாகப் படிவத்தை எடுத்தாள். "தனிக் கணக்கோ, கூட்டுக் கணக்கோ?"

 பேனாவை வாங்கினான். அந்தப் பெட்டிக்கு நேரே பிடித்தபடியே இருந்தான்.

சிவரூபி கதவைப் பார்த்தாள். அந்தப் பெண் இன்னும் நின்றாள். மெலிந்தவள். பச்சைச் சட்டை. பின்னல் ஒரு பக்கத்தால் முன்னுக்கு விழுந்திருந்தது. செருப்புகளைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். கூரைக்குக் கீழேதான் நின்றாள். ஆனாலும் தலையிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது... கூரைக்குள்ளும் அவள் மேல் மட்டும் மழை பெய்வது போல. அவள் அவனைப் பார்க்கவில்லை. சிவரூபியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவரூபிக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நேரமும் இவன் இங்கே கதிரையில் இருக்கிறானே!

"நல்ல மாப்பிளை நீங்கள். மனிசியை மழையில விட்டிட்டு வந்து இருக்கிறீங்கள். கூட்டுக் கணக்கெண்டா அவவும் ஒப்பம் வைக்க வேணும். உள்ள கூப்பிடுங்கோ."

அவன் கையிலிருந்த பேனா மேசையில் விழுந்தது.

"ஆரை?"

"உங்களோட வந்தவாவை. ஆழ்வாப்பிள்ளை அண்ணை, அந்த அக்காவை உள்ள விடுங்கோ!"

காவலாளி ஆழ்வாப்பிள்ளை கதவைத் திறந்தார். தலையை வெளியே நீட்டினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "எந்த அக்கா பிள்ளை? இஞ்ச ஒரு நாய்கூட இல்லை."

கதவுக்கு வெளியே சீமெந்து காய்ந்து கிடந்தது. நடுவில் மட்டும் ஈரம். வெறும் பாதங்களின் அளவு.

கீர்த்திகன் திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது. "செருப்பு காலில கிடந்ததோ?"

"இல்லை. கையில..."

"மழை எண்டா அவள் அப்பிடித்தான். செருப்பு பழுதாப் போகுமாம்." மூச்சை உள்ளே இழுத்தான். "என்ர மனிசி நிலக்சனா. வாற தையோட செத்து ஒரு வருசம்."

ஜெனரேற்றர் நின்றது. விளக்குகள் அணைந்து மறுபடி எரிந்தன. அவன் படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனான்.

*

மூன்றாம் நாள் பின்னேரம் திரும்ப வந்தான். கிராம சேவகரின் கடிதத்தைக் கொண்டுவந்திருந்தான். மேசையில் வைத்தான். ஆனால் கேட்டது அதைப்பற்றி அல்ல.

"இண்டைக்கும் நிக்கிறாளோ?"

சிவரூபி கதவைப் பார்த்தாள். வெளியே வெயில். ஒரு சைக்கிள். அதற்கப்பால் தேவாலய மதில். வேறு ஒன்றும் இல்லை.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் கேட்டு நிற்பவனின் முகம்...

"ஓம்," என்றாள்.

"எப்பிடி நிக்கிறாள்?"

"நீலச் சீலை. தலையில மல்லிகைப்பூ. சிரிச்ச முகமா..."

அவன் முகத்தில் ஏதோ ஓடியது. சந்தோசம் என்று நினைத்துக்கொண்டாள். அவனுக்காகத்தானே சொன்னேன், அதில் என்ன பாவம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று அவன் நெடுநேரம் இருந்தான். தவணை அனுப்பும் ஒழுங்கைப் பற்றிக் கேட்டான். அது முடிந்ததும் ஒரு கேள்வியைத் தேடிப் பிடித்துக் கேட்டான்.

"இந்தப் புத்தகம் துலைஞ்சா?"

"இன்னும் தரேல்லையே, அதுக்குள்ள துலைக்கிற யோசனையோ?"

"என்ர கையில ஒண்டும் நிக்கிறேல்லை. அதுதான் முதலே கேக்கிறன்."

அப்படித்தான் தொடங்கியது. வேலை முடிந்து காரைநகரிலிருந்து கடலைக் கடந்து ஊர்காவற்றுறையில் இறங்குபவன், கரம்பொன் பஸ்ஸுக்கு முதல் பாங்குக்குள் வந்து போவான். ஒருநாள் அடையாள அட்டைப் பிரதி. ஒருநாள் அலுவலகக் கடிதம். ஒருநாள் ஒன்றுமே இல்லை, பேனா இரவல். ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி. ஒவ்வொரு நாளும் சிவரூபி கதவைப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. ஒன்றைச் சொல்லுவாள். இன்றைக்குத் தலை முழுகியிருக்கிறா. இன்றைக்கு வேப்பமரத்தடியில இருக்கிறா. இன்றைக்கு என்னைப் பார்த்துத் தலையாட்டினவ.

கணக்கு மட்டும் திறக்கப்படவில்லை. தனியா, கூட்டா... அந்தப் பெட்டி வெறுமையாகவே கிடந்தது.

"ஒரு கோடு. ஒரு சின்னக் கோடு கீறினாக் காணும்," என்பாள் அவள்.

"நாளைக்குக் கீறுறன்."

"இந்த மாதம் முடியிறதுக்குள்ள கணக்கு இலக்கத்தை உங்கட ஒஃபீசுக்குக் குடுக்காட்டி, அடுத்த சம்பளமும் பழைய இடத்திலதான் விழும். பேந்தும் பஸ் காசுதான்."

"தெரியும்."

அதையும் அவன் தள்ளிப் போட்டான். அந்த மாதச் சம்பளமும் பழைய இடத்தில்தான் விழுந்தது.

வீட்டில் அம்மா நாகபூசணி சும்மா இருப்பாளா? "ஆரடி அந்தக் கீர்த்திகன்?"

"ஒரு வாடிக்கையாளர் அம்மா."

"வாடிக்கையாளரிட பேரைச் சொல்லிக்கொண்டே சோறு வடிக்கிறது?"

விசயத்தைச் சொன்னபோது அம்மா அகப்பையை வைத்துவிட்டுப் பார்த்தாள். "கடனும் பேயும் சேந்த மாப்பிளை. வெளிநாட்டில இருந்து எத்தினை சம்மந்தம் போனில வந்தது. எல்லாத்துக்கும் மூஞ்சையை நீட்டினனீ. கடைசியில இதுதானோ கிடைச்சது?"

"மாப்பிளை எண்டு ஆர் சொன்னது? அம்மா, சோறு கரியுது!"

சோறு கரியவில்லை. அவளுக்கு முகத்தைத் திருப்ப ஒரு காரணம் வேண்டியிருந்தது.

*

கார்த்திகையில் ஒருநாள் இருவரும் யாழ்ப்பாணம் போகும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். சனநெரிசல். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் பெட்டி, நனைந்த குடைகள். யன்னலோரம் ஒரு இருக்கையில் கீர்த்திகன் இருந்தான். அவனுக்குப் பக்கத்தில் இடம் வெறுமையாக இருந்தது. ஒருவரும் அதில் இருக்கவில்லை. இருக்க நினைத்து வந்தவர்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பால் நகர்ந்தார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது போல.

கொண்டக்டர் வந்தார்.

"கரம்பொன் ரெண்டு," என்றான் கீர்த்திகன்.

கொண்டக்டர் இரண்டு ரிக்கெற் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். பழகிப்போனவர் போலத்தான் இருந்தது.

கீர்த்திகன் சிவரூபியைக் கண்டான். கையிலிருந்த இரண்டு ரிக்கெற்றுகளையும் பார்த்தான். முகம் சிவந்தது. "வாய் பழகிப்போச்சு," என்றான். பிறகு, "இரும்," என்றான்.

"இதிலையோ?"

"ரிக்கெற் கிடக்கு. வீணாக்கக் கூடாது."

அவள் இருந்தாள். இருக்கை சில்லென்று இருந்தது. ஈரம் சீலையால் ஏறி உடம்பில் பட்டது. யன்னல் பூட்டியிருந்தது, கூரை ஒழுகவில்லை. ஆனால் யாரோ நனைந்த உடுப்போடு இருந்து இப்போதுதான் எழும்பிப் போன மாதிரி... அவள் எழும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். தோளில் அவன் தோள் பட்டது. அந்தப் பக்கம் சூடு. இந்தப் பக்கம் குளிர்.

"பயப்பிடுறீரோ?" மெல்லக் கேட்டான்.

"என்னத்துக்கு? நான் ரிக்கெற் எடுத்த ஆள்."

அவன் சிரித்தான். சத்தமில்லாத, பாதியில் நின்ற ஒரு சிரிப்பு. அதைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கியது. அவனுக்குச் சிரிக்கத் தெரியும் என்று அவளுக்கு இவ்வளவு நாளும் தெரியாது.

கரம்பொன்னில் அவன் இறங்கினான். மழைக்குள் ஒற்றையாக நடந்து போனான். மண்டைதீவுச் சந்தி வரும்வரை அவளுக்குப் பக்கத்து இடம் வெறுமையாகவே வந்தது. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணை, "இருங்கோ அக்கா," என்று கூப்பிட்டாள். அந்தப் பெண் இருக்கையைப் பார்த்தாள், சிவரூபியைப் பார்த்தாள். "இல்லை, பரவாயில்லை. ஆள் இருக்குத்தானே," என்றாள்.

றோட்டின் இரண்டு பக்கமும் கடல் ஈயம் போலக் கிடந்தது.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவன் வரவில்லை. காய்ச்சலாம் என்று ஆழ்வாப்பிள்ளை அண்ணை கேள்விப்பட்டு வந்து சொன்னார். அந்த நாட்களில் சிவரூபி கணக்குகளைப் பிழையாகக் கூட்டினாள். கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் நிமிர்ந்தாள். அந்தக் கரம்பொன் வீட்டில் தனியே கிடந்து... யார் கஞ்சி வைத்துக் கொடுப்பது? ஒருவேளை அந்த நிலக்சனாவே வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டால்? அந்த நினைப்பு வந்ததும் பயத்தில் கையிலிருந்த கணக்கை மூடி வைத்தாள்.

*

மார்கழியில் பாங்குக்கு ஒரு அம்மா வந்தா. வெள்ளைச் சீலை, நரைத்த கொண்டை. கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டா.

"நீர்தானே அந்தப் பாங்குப் பிள்ளை?"

"ஓம் அம்மா. என்ன வேணும்?"

"நான் யோகம்மா. காரைநகரால வாறன். நிலக்சனாவைப் பெத்தவள்."

சிவரூபி எழும்பிவிட்டாள்.

"தையில என்ர பிள்ளைக்கு ஒரு வருசம், ஆட்டைத் திவசம். ஐயரிட்டச் சொல்லியாச்சு. புருசன்தான் இருந்து செய்ய வேணும். அவன் ஏலாது எண்டுறான். 'அவள் இன்னும் போகேல்லை மாமி, போகாதவளுக்கு என்ன திவசம்' எண்டு கேக்கிறான். பாங்கில ஒரு பிள்ளை நெடுக அவளைக் காணுறாவாம்."

யோகம்மா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்ர பிள்ளை பத்து நிமிசம் ஒரு இடத்தில நிக்க மாட்டாள். பஸ் பிந்தினா நடந்து வந்திடுவாள். அப்பிடிப்பட்டவளை உம்மட வாசல்ல மறிச்சு வைச்சிருக்கிறீர். அவள் போக வேண்டாமோ?"

 யோகம்மா மெல்லத் திரும்பிக் கதவைப் பார்த்தா. நெடுநேரம் பார்த்தா. பிறகு கேட்டபோது அந்தக் குரல் வேறு குரலாக இருந்தது.

"இப்ப... நிக்கிறாளோ பிள்ளை?"

ஐயோ, இந்த அம்மாவுக்கும் ஓம் என்று சொல்லிவிடலாமே... ஒரு சொல்தானே.

"இல்லை அம்மா."

"முந்தி?"

"ஒரு நாள் கண்டனான். ஒரே ஒரு நாள். மிச்சமெல்லாம்..."

யோகம்மா கண்ணை மூடித் திறந்தா. ஏசவில்லை. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. "சனிக்கிழமை காலமை அவனை வரச் சொல்லியிருக்கிறன். கடைசியா ஒருக்காக் கேக்க. அதுக்கு முதல் நீர் சொல்லும். நான் சொன்னா அவன் நம்பான்."

கதவடியில் நின்று மறுபடி ஒரு முறை வெளியே பார்த்துவிட்டுத்தான் போனா.

*

சனிக்கிழமை காலை. பனி. இறங்குதுறை இருந்தது, கடல் இல்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே ஓடும் இரும்பு மிதவையை ஊரார் பாதை என்பார்கள். அது பனிக்குள்ளிருந்து சத்தம் முதலிலும் உருவம் பிறகுமாக வந்து சேர்ந்தது.

கீர்த்திகன் அதில் ஏறினான். சிவரூபி ஓடிவந்து ஏறினாள்.

"நீர் எங்க?" அவன் திடுக்கிட்டான். "இண்டைக்குப் பாங்க் இல்லையே."

"பாங்க் இல்லாட்டி நான் கடல் பாக்கக் கூடாதோ?"

"இண்டைக்குக் கடலும் இல்லை."

மிதவையில் வேறு பயணிகள் இல்லை. இயந்திரத்தடியில் இருந்தவர் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு முதுகைக் காட்டியபடி இருந்தார். கரை மறைந்தது. நாலு பக்கமும் வெள்ளை. ஒரு கணம் கடலுக்குள் நிற்கும் கோட்டையின் மதில் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. தண்ணீர் இரும்பில் தட்டும் சத்தம் மட்டும்... யாரோ அடியிலிருந்து தட்டிக் கூப்பிடுவது போல.

"உங்களிட்ட ஒண்டு சொல்ல வேணும். இடையில மறிக்காதீங்கோ. மறிச்சா நான் சொல்ல மாட்டன்."

"சொல்லும்."

"நான் அவவை ஒரு நாள்தான் கண்டனான். அந்த மழை நாள். அது சத்தியமா உண்மை. அதுக்குப் பிறகு ஒருநாளும் காணேல்லை. நீலச் சீலை, மல்லிகைப்பூ, தலையாட்டினது... எல்லாம் பொய். நான் சொன்ன பொய்."

சொல்லி முடித்துவிட்டாள். இனி இவன் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று நினைத்தாள். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்," என்றான் கீர்த்திகன்.

"என்ன?"

"மல்லிகைப்பூ எண்டீரே, அண்டைக்கே தெரியும். அந்த மணம் பட்டாலே அவளுக்குத் தலையிடி. கலியாண மாலையையே பாதியில கழட்டினவள்."

சிவரூபிக்கு முகம் பற்றி எரிந்தது. இத்தனை நாளும்! "தெரிஞ்சுகொண்டே என்னைச் சொல்ல விட்டிட்டு இருந்து பாத்தனீங்களோ? என்னை என்ன, விசரி எண்டு நினைச்சீங்களோ?"

"முதல்ல கோவம்தான் வந்தது. எழும்பிப் போவம் எண்டுதான் நினைச்சனான். நீர் சொல்லிக்கொண்டே போனீர். நெத்தியெல்லாம் வேர்த்துப்போச்சு உமக்கு. ஒரு ஆள் எனக்காண்டி இவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொல்லுறாவே எண்டு..." நிறுத்தினான். "அவள் போனதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் உறைக்கிறேல்லை. சாப்பாடு உறைக்காது, வெயில் உறைக்காது. அது உறைச்சுது."

"பேந்தும் ஏன் வந்து வந்து கேட்டனீங்கள்?"

"நீர் பொய் சொல்லேக்க ஒரு புருவம் மட்டும் மேல போகும். அதைப் பாக்க."

அவள் தன்னையறியாமல் புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆனால் யோகம்மாவின் முகம் முன்னால் வந்து நின்றது.

"அப்ப திவசத்தை ஏன் மறுத்தனீங்கள்? அந்த அம்மா என்னட்ட வந்து நிண்ட நிலை... அவ இல்லை எண்டு தெரிஞ்சும் அவவின்ர அம்மாவுக்குப் பொய் சொன்னீங்களே!"

அவன் பனியின் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"திவசம் முடிஞ்சா அவள் போயிடுவாள். அவள் போயிட்டா உம்மட்ட வர எனக்கு என்ன சாட்டு? நான் கடன்காரன். தவணை முடிய இன்னும் வருசங்கள் கிடக்கு. உம்மட மேசையில கொண்டுவந்து வைக்க என்னட்ட ஒண்டும் இல்லை. சாட்டில்லாமல் வந்து நிக்க வெக்கமா இருந்தது."

"அதுக்கு அவவைச் சாட்டா வைச்சிருந்தனீங்கள்."

"ஓம். அவளையும், அந்தப் படிவத்தையும்." அவன் மறுக்கவில்லை. "ரெண்டுபேருமாச் சேந்து அவளை மழையில நிக்கவிட்டிட்டம்."

 பனிக்குள் காரைநகர் இறங்குதுறை ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. கரையில் வெள்ளைச் சீலை ஒன்று அசையாமல் நின்றது. யோகம்மாதான். 

"மாமியிட்டச் சொல்லப்போறன். திவசத்தை நான் இருந்து செய்யிறன் எண்டு," என்றான்.

"கணக்கு?"

"தனிய எண்டு கோடு கீறுறன். திங்கக்கிழமை." கொஞ்சம் யோசித்தான். "எனக்குப் பிறகு ஆருக்கு எண்டு கீழ ஒரு இடம் கிடக்கல்லோ? அதை இப்ப வெறுமையா விடலாமோ?"

"விடலாம். எப்ப வேணுமெண்டாலும் எழுதலாம்."

மிதவை கரையில் முட்டியது. அவன் முதலில் இறங்கினான். திரும்பினான். அவளைக் கண்ணுக்குக் கண் பார்த்தான். குரல் நடுங்கியது, அதை மறைக்க அவன் முயலவில்லை.

"சிவரூபி, நான் திங்கக்கிழமை கணக்குக்கு வாறன். செவ்வாய்க்கிழமை ஒரு அலுவலும் இல்லை. ஆனா வர விருப்பம். புதன்கிழமையும். சாட்டில்லாமல்... வரலாமோ?"

அவள் மிதவையின் விளிம்பில் நின்றாள். கரையில் அந்தத் தாய் பார்த்துக்கொண்டு நின்றா. பின்னால் கடல் இருந்த இடத்தில் வெள்ளை. திரும்பிப் போவதென்றால் இதே மிதவையில் போய்விடலாம்.

"உங்கட மனிசியைக் கண்ட நாளில எனக்குப் பயம் வரேல்லை," என்றாள். "பஸ்ஸில அந்த ஈரக் கதிரையில இருக்கேக்கயும் வரேல்லை. நீங்கள் காய்ச்சலில கிடந்து வராத நாளிலதான் பயந்தனான். இனி அப்பிடிப் பயப்பிட என்னால ஏலாது. வாங்கோ. ஒவ்வொரு நாளும் வாங்கோ."

அவன் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அந்தக் கை சூடாக இருந்தது.

அவர்களுக்குப் பின்னால், ஆளில்லாத மிதவை ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது. கடல் பக்கமாக யாரோ மெல்ல இறங்கிப் போனது போல. இருவருக்கும் அது கேட்டது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.